நஸார் நானா வீட்டுக் கதவைத் தட்டியவர்கள்

இல்லாத மனுஷன் ஒருவருடைய வீட்டுக்கு ஏழு பேரை அனுப்பி வைத்தவன் நான்தான். குடித்திருந்தேனா என்றால் இல்லை. குடித்திருந்தால் என் மனைவி ஐவியிடம் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

நான் வேன் ஓட்டுகிறவன். வட்டவளைக்கு மேலே, எங்கள் சந்திப் பள்ளிவாசலுக்கு மூன்று நாள் தங்க வந்த ஜமாஅத் குழுவை ஸ்டேஷனிலிருந்து ஏற்றி வந்தேன். ஒன்பது பேர், ஒன்பது படுக்கைச் சுருட்டு, ஒரு பெரிய சோற்றுப் பானை. இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். தேத்தண்ணி தந்தார்கள், உட்கார்ந்துவிட்டேன்.

பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் அவர்கள் வீடு வீடாகப் போய்த் தொழுகைக்கு அழைக்க வேண்டும். அதற்கு ஜவ்லா என்று பெயர். வழிகாட்ட உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும். அந்த வேலை எங்கள் அஃப்ஹம் மாஸ்டருடையது. மாஸ்டர் காய்ச்சலில் கம்பளிக்குள் கிடந்தார்.

"இங்க உள்ள முஸ்லிம் ஆளுங்க வீடெல்லாம் எனக்குத் தெரியுங்க. நான் மாதாகோயில்காரன், கூட வந்தா நல்லா இருக்காது. படம் கீறித் தாறேன்" என்றேன்.

பிஸ்கட் பெட்டி அட்டையில் எட்டு வீடு கீறினேன். ஏழாவது வீடு நஸார் நானாவுடையது; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். தோட்டத்து வரிசை வீடுகளில், லயம் லயமாகத் துணி விற்றவர். பதினாறு வருஷம் அவருடைய மூட்டையை என் வேனில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். கை தானாகப் போட்டுவிட்டது. நவம்பர் மண்சரிவில் அந்த வீட்டின் பின்பாதியும் அவரும் சேர்ந்து கீழே போய் ஏழு மாதம் ஆகிறது என்பது கைக்குத் தெரியவில்லை. மேலே இருப்பதாகச் சொல்லப்படும் மூளையும் சும்மா இருந்துவிட்டது.

அவர்கள் வேலை செய்கிற முறையைப் பார்த்து மயங்கியதும் ஒரு காரணம். வட்டமாக உட்கார்ந்து கலந்து பேசினார்கள். பேசுவது ஒருவர், சமைப்பது ஒருவர், மற்றவர்கள் திரும்பும்வரை பள்ளிக்குள் இருந்து இறைவனை நினைப்பது ஒருவர். யாரும் வேலை கேட்டு வாங்கவில்லை, தந்ததைத் தட்டவுமில்லை. எங்கள் மாதா திருவிழாக் குழுவில் பதினொரு பேர் இருக்கிறோம். தலைவர்கள் மட்டும் பன்னிரண்டு.

ஏழு பேரும் வெள்ளை ஜிப்பாவில், ஒருவர் பின் ஒருவராக, தலை குனிந்து ரோட்டோரமாக நடந்தார்கள். மூடுபனி இறங்கியிருந்தது. முதல் ஆளை விழுங்கியது, பிறகு இரண்டாவது ஆளை. ஏழாவது ஆளும் போன பிறகு உதடுகள் முணுமுணுக்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றது.

ஐந்தரைக்குத் திரும்பி வந்தார்கள். அமீர், அதாவது அவர்களுடைய தலைவர், ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஏழாவது வீடு, நஸார் நானா. ஈக்கிறாராம். மஃரிப் தொழுகைக்கு வாறாராம்."

ஈக்கிறார் என்றால் அவர்கள் பேச்சில் இருக்கிறார். என் கையிலிருந்த தேத்தண்ணி காற்சட்டையில் கொட்டியது. சுட்டதும் தெரியவில்லை.

"யாருங்க சொன்னது?"

"பேச்சு இர்ஷாத்ட பொறுப்பு. அவர்கிட்ட கேளுங்க."

இர்ஷாத் கனிவான மனுஷர். "நான் கதவுக்கு ஓரமா நிண்டேன். உள்ளுக்குப் பாக்கக் கூடாது, பொம்புளையள் ஈப்பாங்க. உள்ளுக்கிருந்து பதில் வந்திச்சி."

"ஆம்பள குரலா, பொம்பள குரலா?"

"பாதி காத்தோட போயிட்டுது. ஆழமான கிடங்குக்குள்ள இருந்து வாற மாதிரி."

இர்ஷாதுக்குப் பின்னால் நின்றவரிடம் கேட்டேன், "நீங்க பாத்தீங்களா?"

"நான் இர்ஷாத் நானாட குதிகாலத்தான் பாத்தேன்."

அவருக்குப் பின்னால் நின்றவர் இவருடைய குதிகாலைப் பார்த்திருந்தார். ஏழு பேர் போய், ஆறு ஜோடிக் குதிகாலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். முன்னால் நடந்தவர் என் அட்டையைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் பின்பக்கம் இல்லை என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. இதற்குள் சமையல் பொறுப்பாளர், வரப்போகிறவருக்காக ஒரு பிடி அரிசி கூடப் போட்டுவிட்டார்.

எனக்குப் பேயைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நஸார் நானாவின் மனைவி சுபைதா, தன் தங்கச்சி ஷஸ்னாவின் கடைப் பின்னறையில் இருக்கிறாள். உடல் கிடைக்கவில்லை. அவர் மௌத்தாகிவிட்டார், இறந்துவிட்டார் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா என்ற இறுதித் தொழுகையைத் தொழுவித்துவிடலாம் என்று பள்ளி நிர்வாகத்தினர் ஏழு மாதமாகக் காத்திருக்கிறார்கள். அவள் சொல்லவில்லை. கேட்க யாருக்கும் வாயும் வரவில்லை. நானோ அந்தக் கடைக்குப் போகும்போதெல்லாம், "நானா கொழும்புல கட போட்டுட்டாரு போல" என்று பகிடி விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவேன். இப்போது 'நஸார் வருகிறாராம்' என்ற பேச்சு அவள் காதில் விழுந்தால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். உட்கார வைத்த புண்ணியம் என் அட்டைக்கு.

அந்தித் தொழுகையான மஃரிபுக்கு முன், அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது யார் என்று பார்த்தாக வேண்டும். வேனை எடுக்கவில்லை. திரும்பி ஓட வேண்டி வந்தால் எனக்கு ரிவர்ஸ் சரியாக வராது.

தேயிலைக்கு நடுவே படிகள். பனிக்குள் என் மூச்சு எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஜெபமாலையைத் தேடினேன், சட்டைப் பையில் வேன் சாவிதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஏறினேன்.

வீட்டின் முன்சுவர் அப்படியே நின்றது. நீலக் கதவு சாத்தியிருந்தது. வாசல் கூட்டியிருந்தது. ஈர்க்குமாற்றுக் கோடுகள் ஈர மண்ணில் புதிதாக இருந்தன. கோடுகளுக்கு மேல் ஏழு பேர் வந்துபோன தடம்.

உள்ளே ஏதோ உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

"நஸார் நானா?" என்று கூப்பிட்டேன். அந்தக் குரலை என் குரல் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

கதவு திறந்தது. கையில் விளக்குமாற்றுடன் சுபைதா நின்றாள். அவளுக்குப் பின்னால் நாலு அடி சீமெந்துத் தரை. அதற்கப்பால் ஒன்றுமில்லை. வெள்ளையாகப் பனி மட்டும் பள்ளத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது.

"பயந்துட்டீங்களாண்ணே?"

"நான் பயப்படுவேனா? சேச்சே. காலு சும்மா ஆடுது." படியில் உட்கார்ந்துவிட்டேன். "நீ இங்க என்ன செய்ற?"

"பின்னேரத்துல வந்து கூட்டிட்டுப் போவேன். ஷஸ்னாக்குத் தெரியா."

"அவங்களுக்குப் பதில் சொன்னது நீயா?"

தலையசைத்தாள். "நஸார் நானா ஈக்கிறாரா எண்டு கேட்டாங்க. ஏழு மாசமா எல்லாரும் 'இருந்தார், இருந்தார்' எண்டுதான் அவரப் பத்தி பேசுறாங்க. ஈக்கிறாரா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. கேட்டதும் வாய்க்கு வந்திட்டுது. ஈக்கிறார், மஃரிபுக்கு வருவார் எண்டு செல்லிட்டேன்."

அந்த அட்டையையும் வந்திருக்கும் ஒன்பது பேரையும் பற்றிச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"செல்லிட்டு, அவரக் கூப்பிட உள்ளுக்குத் திரும்பினேன்ணே. கூப்பிடத்தான் திரும்பினேன். உள்ளெண்டு ஒண்டு இல்ல."

எனக்கு வழக்கம்போல ஒரு பகிடி வாய்வரை வந்தது. விழுங்கினேன். ஏழு மாதமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

"சுபைதா, அவரு வருவாருன்னு நெனைக்கிறியா?"

கீழே பள்ளிவாசலில் ஒலிபெருக்கியை யாரோ தட்டிப் பார்த்தார்கள். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வரமாட்டார்ண்ணே. மௌத்தாயிட்டார். பள்ளியில போய் செல்லுங்க, இண்டைக்கே அவருக்குத் தொழுவிக்கட்டும். அந்த ஒம்பது பேரும் தொழுகையில நிக்கட்டும்."