பின்னால் யாரும் இல்லை

வேலைக் கம்ப்யூட்டரின் கேமராவில் கட்டிலின் கால்மாடு தெரிந்துவிட்டது. போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த ஒரு பாதமும். மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே போன் அழைப்புகளை எடுத்துப் பேசுவது அவள் வேலை. அன்று மதியமே நிறுவனத்தின் தகவல் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி கூப்பிட்டுவிட்டார்.

“பின்னாடி யாரும்மா அது?”

“என் வீட்டுக்காரர் சார். பக்கவாதம். படுத்த படுக்கைதான்.”

“ஜனங்க அவங்க நோய்நொடியெல்லாம் உங்ககிட்ட சொல்றாங்க. வேலை நேரத்துல அந்த ரூம்ல இன்னொருத்தர் இருக்கவே கூடாதும்மா.”

“அவருக்குப் பேச்சே வராது சார். யார்கிட்டப் போய்ச் சொல்லப் போறாரு?”

“காது கேக்குமில்ல?”

அதிகாரியும் ஒன்றும் கெட்டவரில்லை. இன்னொரு தடவை கண்ணில் பட்டால் மேலே சொல்லாமல் இருக்க முடியாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

வீட்டில் இருந்ததே ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக் கட்டிலைச் சமையலறைக்குள் தள்ளினாள். அடுப்புமேடைக்கும் சுவருக்கும் நடுவில் அது நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவருடைய கிண்டலைக் கேட்பதற்கென்றே முந்தைய பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. இப்போது மிஞ்சியிருந்தது ஒரு முனகல். தாகத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். வித்தியாசம் அவளுக்கு மட்டும் புரியும்.

“ஏதாவதுன்னா கூப்பிடுங்க, ஓடி வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஒரு பெண் போனில் தன் கர்ப்பப்பை ஆபரேஷனைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கூப்பிட்டார். முதலில் மெதுவாக. பிறகு, தொண்டை கிழிய.

அந்தப் பெண் சட்டென்று நிறுத்தினாள். “பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?”

பேசுவதெல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. “இல்லைங்க, தெருவுல நாய் கத்துது” என்றாள் இவள். “நீங்க சொல்லுங்க.”

முனகல் அப்படியே நின்றுவிட்டது. எழுந்து ஓடத்தான் நினைத்தாள். ஆனால் அந்தப் பெண் அழ ஆரம்பித்திருந்தாள். அவளைத் தேற்றி வைப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. எல்லோரிடமும் பதவிசாகப் பேசினாள். காது மட்டும் கதவுக்குப் பின்னால் கிடந்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இடைவேளை விட்டதும் கதவைத் திறந்தாள். படுக்கை நனைந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் விழித்துத்தான் இருந்தார். அசையக்கூடிய கையால் போர்வை நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துப் பல்லால் கவ்வியிருந்தார்.

“விடுங்க” என்றாள். “நான்தான் வந்துட்டேன்ல.”

துணியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டார்.