மகன் இருந்த அறை

அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டபோது, டிரைவருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் அவர்களுடைய மகன் உட்கார்ந்திருந்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மகன் நல்லவன். பஸ் ஓட்டும் அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எல்லாப் பரிசோதனைக்கும் கூடவே வந்தான். டாக்டர் சொல்வதை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டான்.

"சுரப்பியை முழுசா எடுத்தாகணும். அதை ஒட்டி ரெண்டு பக்கமும் நரம்பு போகுது. தாம்பத்தியத்துக்கு அது வேணும். வலது பக்கம் காப்பாத்த முடியாது. இடது பக்கம் முயற்சி பண்ணலாம். ஆனா கட்டி கிட்டத்துல இருக்கு, துளி மிச்சம் நின்னுடுற ஆபத்து உண்டு. உங்களுக்கு அது எவ்வளவு முக்கியம்னு நீங்கதான் சொல்லணும்."

மகன் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தை அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினான். டிரைவர் தன் செருப்பைப் பார்த்தார். மனைவிதான் முந்திக்கொண்டாள்.

"பேரன் எடுக்கப்போற வயசுல அதெல்லாம் எதுக்கு டாக்டர்? உயிர் தங்கினா போதும்."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவரைக் கேட்டார் டாக்டரம்மா.

"அவ சொன்னதுதான்."

பச்சைப் பொய். அவருக்குக் காலை டியூட்டி இல்லாத நாட்களில், மகன் வேலைக்குப் போனதும் அந்த வீட்டுக் கதவு பகலிலேயே தாழிடப்படும். யாராவது மணி அடித்தால் இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூச்சுக் காட்டாமல் கிடப்பார்கள். சண்டை போடாமல் அவர்களுக்கு ஒரு மாதம் போனதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சே தேவைப்பட்டதில்லை. அதனாலேயோ என்னவோ, பேச வேண்டிய இடத்தில் இருவருக்கும் வாய் வரவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அவரோடு ஓடிய கண்டக்டர் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார்.

"என்னண்ணே, எஞ்சினைப் பிரிச்சு மாட்டியாச்சு. எப்ப ரோட்டுக்கு வர்றீங்க?"

"பிரேக் இன்னும் பிடிக்கலப்பா."

சிறுநீர் கசிவதற்காக உள்ளே பேட் வைத்திருந்ததை அப்படிச் சொல்லிச் சிரிக்க முடிந்தது. இன்னொன்றை எப்படிச் சொல்லியும் சிரிக்க முடியவில்லை.

கசிவு நின்றபிறகு ஒருநாள் மனைவியே கதவைத் தாழிட்டாள். உடம்பு அசையவில்லை. தன் கைகால் போலவே நம்பியிருந்த ஒன்று, யாருடையதோ போலக் கிடந்தது.

"விடுங்க. உடம்பு தேறட்டும்," என்றாள்.

அடுத்த முறையும் அப்படித்தான். அதற்குப் பிறகு கதவு திறந்தே கிடந்தது. அவள் வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தாள், வெந்நீர் வைத்தாள், நோயாளியிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினாள். "உங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்" என்று தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். அன்றைக்கு டாக்டரிடம் அவள் சொன்னது ஒருவேளை மெய்தானோ என்ற சந்தேகம் அவரை அரித்தது. மருத்துவமனைக்கு மறுபடி போகும்போது, அவள் காதுபட டாக்டரிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அதற்கு மகன் வெளியே போக வேண்டும்.

டாக்டரம்மா எதிரே மூவரும் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "தம்பி, கார்ல என் போனை விட்டுட்டேன். எடுத்துட்டு வாயேன்."

"சட்டைப் பையிலதானேப்பா இருக்கு?"

டிரைவர் பையைத் தொட்டுப் பார்த்து, "ஆமா," என்றார்.

"எனக்குத் தொண்டை வறளுது. ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாப்பா," என்றாள் மனைவி. அவளுடைய பையில் தண்ணீர் இருந்தது. டிரைவருக்கு அது தெரியும். கதவு சாத்திய பிறகு அவள் நிமிரவில்லை.

"டாக்டர், அது... திரும்ப வருமா?" என்று டிரைவர் கேட்டார்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "நோய் இல்ல, அதுல சந்தோஷம். ஆனா நீங்க வேண்டாம்னு சொன்னதால ரெண்டு பக்க நரம்பையும் எடுத்துட்டேன். நரம்பு இல்லாம மாத்திரை வேலை செய்யாது."

"இடது பக்கத்தை விட்டிருந்தா?" என்று மனைவி கேட்டாள்.

"வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம்."

இடது பக்கத்தைப் பற்றிக் கேட்டபோது மனைவியின் குரல் நடுங்கியதிலேயே டிரைவருக்கு விளங்கிவிட்டது. அவளும் பொய்தான் சொல்லியிருக்கிறாள். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"ஊசி இருக்கு. பம்பு இருக்கு. எப்படின்னு சொல்றேன்," என்று டாக்டரம்மா ஆரம்பித்தபோது, மகன் தண்ணீரோடு உள்ளே வந்தான். டாக்டரம்மா நிறுத்தி, கணவனையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னொரு நாள் வர்றோம் டாக்டர்," என்றாள் மனைவி.

டிரைவர் வாயைத் திறந்தார். மகன் பாட்டில் மூடியைத் திருகி அம்மாவிடம் நீட்டினான். அவர் எழுந்துகொண்டார்.

மகன் காரைக் கிளப்பினான். பின்சீட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் இல்லாதப்ப என்ன சொன்னாங்க?"

"எல்லாம் நல்லா இருக்காம்," என்றாள்.

"நான்தான் சொன்னேனேம்மா. அப்பா கெட்டி."

டிரைவரின் கை சீட்டின் மேல் நகர்ந்து அவள் விரல்களைத் தொட்டது. அவள் இறுகப் பற்றிக்கொண்டாள். மேலே இருந்த கண்ணாடியில் மகனின் கண்கள் தெரிந்ததும், சட்டென்று கையை இழுத்துப் பையின் மேல் வைத்துக்கொண்டாள்.

ஆயுளில் பாதியை அந்தக் கண்ணாடியைப் பார்த்தே கழித்தவர் அவர். அந்தக் கோணத்தில் பின்சீட்டில் தலைகள் மட்டும்தான் தெரியும், கைகள் தெரியாது. அதை அவளுக்குச் சொல்ல வேண்டுமானால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிக்னலில் கார் நின்றது. மகன் மறுபடி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான். அவரும் சிரித்தார். அவர் கை சீட்டின் மேலேயே கிடந்தது.