கல் பொறுக்கிய சேறு

பட்டறைத் தரையில் இரண்டு லைனர்கள் கிடந்தன. ஒன்று கறுப்பு ரப்பர், இன்னொன்று சாம்பல் நிற இரும்பு. சாயங்காலத்துக்குள் இரண்டில் ஒன்றை நான் கைகாட்ட வேண்டும். காலையிலிருந்து அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். செருப்புக் கடையில் இவ்வளவு நேரம் நின்றிருந்தால் கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பார்.

விஷயம் இதுதான். எங்கள் ஆலையில் தாது மண்ணைக் கழுவுகிறோம். கழுவிய சேறு, பள்ளத்தில் இருக்கும் பெரிய பம்புக்குள் போய் அங்கிருந்து மேலே ஏறும். சேறு நுழைகிற வாய்ப்பக்கம்தான் அதிகமாக அடி வாங்கும். பம்பின் ஓடு தேயாமலிருக்க அங்கே உள்பக்கமாக ஒரு தடித்த வட்டத் தட்டைப் பொருத்துவோம். அதுதான் லைனர். அதில் ஓட்டை விழுந்தால் அடுத்தது ஓடு. ஓடும் பொத்துக்கொண்டால் சேறு பீச்சியடிக்கும். அப்போது பக்கத்தில் நிற்கிறவன் பாடு அதோகதி.

பக்கத்தில் நிற்கிறவன் என் கொழுந்தன்.

போன தடவை ரப்பர் லைனர் கிழிந்து, ஓடு பொத்து, அவனுடைய வலது கையில்தான் அடித்தது. இரண்டு விரல்கள் இன்னும் மடங்காது. "விடுங்க அண்ணி, கடன் கேட்டு வர்றவங்ககிட்ட கையை விரிக்கிறது இப்ப ரொம்ப சுலபம்" என்று அவனே சிரிப்பான். வீட்டில் வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளாக மேல்தளத்தில் இலகுவான வேலை கொடுத்திருந்தார்கள். நாளைக் காலை மறுபடியும் அதே பள்ளத்தில் இறங்குகிறான்.

இன்று கிளம்பும்போது மாமியார் தண்ணீர் பாட்டிலை என் பைக்குள் திணித்துக்கொண்டே சொன்னார். "எனக்கு இரும்பும் தெரியாது, ரப்பரும் தெரியாது. உன்னைத் தெரியும். அவனைப் பார்த்துக்கோம்மா." இதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக வேலைக்கு வந்திருப்பேன்.

ரப்பரா இரும்பா என்பதை முடிவு செய்வது சேறுதான். நைசான மணல் என்றால் ரப்பரை அசைக்க முடியாது. மணல் மோதும், ரப்பர் கொஞ்சம் உள்வாங்கி அதைத் துள்ளித் தள்ளிவிடும். அதே மணல் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துத் தின்னும். ஆனால் சேற்றில் கூர்மையான கல் வந்தால் கதை தலைகீழ். கல் ரப்பரைக் கிழித்துவிடும், இரும்புதான் தாங்கும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் எதுவானாலும் ஓட்டைதான்.

பரிசோதனைக் கூடத்து முடிவுகள் மேசையில் இருந்தன. வாரா வாரம் ஒரே சேதி: நைசான மணல், கல் இல்லை. எனக்கு முன்னால் இருந்த பொறியாளர் அதைப் பார்த்துத்தான் ரப்பரைப் போட்டார். நானாக இருந்தாலும் அதையே போட்டிருப்பேன்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சுடுதண்ணி'. காலில் கொட்டிக்கொண்ட மாதிரிதான் எப்போதும் நடப்பார்.

"இன்னும் என்னம்மா யோசனை? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். சேத்தைச் சோதிச்சாச்சு, மணல்னு வந்தாச்சு. ரப்பரைப் போட்டு மூடு."

"கிழிஞ்ச லைனர் அப்படிச் சொல்லலையே சார்."

"லைனர் பேசுதா? நல்லது. நாலு மணிக்கு அது என்ன சொல்லுச்சுன்னு வந்து சொல்லு." போய்விட்டார்.

கிழிந்த ரப்பரை மூலையிலிருந்து இழுத்து வெளிச்சத்தில் போட்டேன். மணல் தேய்த்த ரப்பர் வழவழவென்று இருக்கும். இது கோரைப் பல்லால் குதறியது போல வெட்டு வெட்டாக இருந்தது. ஒரு வெட்டுக்குள் சுண்டுவிரல் நகம் முழுக்கப் போனது. காகிதம் மணல் என்கிறது, காயம் கல் என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று தெரியாமல் நான் கைகாட்டினால் நாளைக்கு அடிபடும் கை யாருடையது?

பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினேன். அங்கே வேலை பார்க்கும் அக்கா சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கல்லு வந்ததே இல்லையா?"

"ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு தடவை வந்துச்சு. சல்லடையே கிழிஞ்சுபோச்சு. உன் கொழுந்தனைப் பிடிச்சு நல்லாத் திட்டி விட்டேன். அப்புறம் ஒண்ணுகூட வரலை. தங்கமான பையன், மாவு மாதிரி கொண்டுவந்து குடுப்பான்."

தண்ணீரில் அமிலம் இருக்கிறதா, இரும்பை அரிக்குமா என்று மட்டும் கேட்டேன். அதெல்லாம் இல்லை, குடிக்காத குறைதான் என்றார்.

நேராக மேல்தளத்துக்கு ஏறினேன். அங்கே சேற்றுக் குழாயிலிருந்து ஒரு சின்னக் குழாய் பிரியும். மாதிரிச் சேறு அதில்தான் பிடிப்பார்கள். பள்ளத்தில் நின்ற காலத்திலும் ஏறி வந்து அதைப் பிடிப்பது கொழுந்தன் வேலைதான். இப்போதும் அதன் கீழே குந்தியிருந்தான். டப்பாவில் பிடித்த சேற்றை ஒரு தட்டில் ஊற்றினான். இடது கையால் துழாவினான். ஒரு கல்லை எடுத்துத் தூணுக்குப் பின்னால் எறிந்தான். பிறகு இன்னொன்று. வீட்டில் அரிசி களையும்போதுகூட அவன் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

"என்னடா பண்றே?"

"கல்லு பொறுக்கறேன் அண்ணி. இப்படியே குடுத்தா அந்தக்கா சல்லடை கிழிஞ்சுடும். பாவம், அவங்க சம்பளத்துல பிடிச்சாலும் பிடிப்பாங்க."

தூணுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். என் முழங்கால் உயரத்துக்குக் கல். அடியில் இருந்தவற்றில் பாசி பிடித்திருந்தது.

"எப்பலேர்ந்து?"

"அவங்க திட்டின நாள்லேர்ந்து. ஏன் அண்ணி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்லை" என்றேன். ஒரு கை நிறையக் கற்களை அள்ளிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அவன் மேல் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே அழுகை வந்தது. யாருக்கோ நல்லது செய்யப் போய்த் தன் கையையே கொடுத்துவிட்டிருக்கிறான், அது அவனுக்குத் தெரியவும் தெரியாது.

மேலாளர் மேசையில் கற்களைக் கொட்டினேன். கூர்மையான ஒன்று உருண்டுபோய் அவர் தேநீர்க் கோப்பையில் இடித்து நின்றது.

"இது நம்ம சேத்துல இருந்தது சார். மாதிரி எடுக்கும்போதே பொறுக்கிடறாங்க. பானைக்குள்ள கல்லு இருக்கு, நமக்குச் சோறு மட்டும்தான் வந்துக்கிட்டிருந்துச்சு. இரும்புதான் போடணும்."

அவர் முதல் முறையாக அவசரப்படாமல் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் பொறுக்கினது?"

"கல்லோட கொண்டு வந்தா திட்டு விழுது சார். யாரா இருந்தாலும் பொறுக்கத்தான் செய்வாங்க. நாளைக்குப் பம்பு பக்கத்துல நானே நிக்கறேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்கியவன் பெயர் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? "இரும்பைப் போடு" என்றார்.

சாயங்காலம் பேருந்தில் கொழுந்தன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வழக்கமாக வாய் ஓயாதவன், பாதி வழி வரை வெளியேவே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு முகத்தைத் திருப்பாமலே கேட்டான்.

"அண்ணி, அந்த ரப்பர் கல்லாலதானே கிழிஞ்சுது?"

பொய் ஒன்று தயாராகத்தான் வைத்திருந்தேன். வாயில் வரவில்லை. "ஆமாடா" என்றேன்.

மடங்காத இரண்டு விரல்களையும் இடது கையால் பொத்திக்கொண்டான். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றான்.

காலையில் இரும்பு லைனரோடு பம்பைக் கிளப்பினார்கள். என்னை மேலே போகச் சொன்னார்கள், நான் போகவில்லை. ரப்பரில் இத்தனை காலம் சத்தமில்லாமல் மோதிய கற்கள் இப்போது இரும்பில் தடதடவென்று விழுந்தன. அந்தச் சத்தத்தில் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கணக்கெல்லாம் சரிதான், ஆனால் பயம் கணக்குப் பார்த்து வருவதில்லை. கொழுந்தன் ஓட்டின் அடிப்பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்தான். கசிவில்லை. என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஏணியில் ஏறிப் போனான்.

திரும்பி வரும்போது கையில் மாதிரி டப்பா இருந்தது. மூடியை மடங்காத விரல்களால் அழுத்திப் பிடித்திருந்தான்.

"ஒண்ணைக்கூட எடுக்கலை அண்ணி" என்று நீட்டினான்.

வாங்கிக் குலுக்கினேன். பம்பு போடும் அத்தனை இரைச்சலிலும் உள்ளே கற்கள் மோதுவது கேட்டது.