பானட்டுக்கு அந்தப் பக்கம்

முன்னால் போக ஆட்டோமேட்டிக் கியரை டி-யில் போட்டால் கார் யோசிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கு வாத்தியார் மனதுக்குள் எண்ணுவார். நாலுக்குத்தான் நகரும். சில நாள் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

போன வாரம் சிக்னலில் அப்படி நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ். விஷயம் மகள் காதுக்குப் போனது.

"கியர்பாக்ஸ் போச்சுப்பா. சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றார். பேசிட்டேன்."

வாத்தியார் வெள்ளிக்கிழமை காலையில் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தார்.

"பொழைக்குமா, பொழைக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

"கியர் ஆயில் பாத்தீங்களா?"

"மாசாமாசம் முதல் ஞாயிறு. ஒருநாள் தவறினதில்ல. அளவுக்குச்சியில மேல் கோட்டத் தாண்டியே இருக்கு."

பொய் இல்லை. அந்த முதல் ஞாயிறு மனைவி வைத்த வழக்கம், இருபத்திரண்டு வருட வழக்கம். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கியர் ஆயிலையும் அப்படித்தான் பார்ப்பாள். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுவாள், வெளிச்சத்தில் பிடிப்பாள், முகர்வாள். வாத்தியாரின் வேலை உள்ளே உட்கார்ந்திருப்பது. ரேடியோவில் பாட்டு, மடியில் பேப்பர், கால் பிரேக்கில். பானட்டைத் தூக்கிவிட்டால் எதிரே வெறும் தகரம். அதற்கு அந்தப் பக்கமிருந்து, ஒவ்வொரு கியராகப் போடச் சொல்லும் குரல் மட்டும் வரும்.

"ஆர்ல போடுங்க. என். இப்ப டி. கேக்குதா இல்லையா?"

"கேக்குது, கேக்குது."

"பேப்பர் திருப்புற சத்தம் எனக்கும் கேக்குது."

கடைசியில் பானட் சாத்தப்படும். மூக்கு நுனியில் கறையோடு அவள் தெரிவாள். "நல்ல சிவப்பு. உங்க ரத்தத்தவிட இது தேவல."

அவள் போய் இரண்டு வருடம். அன்றிலிருந்து அவரே குச்சியை உருவிப் பார்க்கிறார்.

மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். "பாக்கறப்ப எஞ்சின் ஓடிட்டு இருந்துச்சா?"

"ஆள் இல்லாத வண்டிய யாராவது ஓட விடுவாங்களா? நிறுத்திட்டுத்தான் பாப்பேன்."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "கணக்கு வாத்தியார் போடற கணக்கா சார் இது? நிறுத்தினா மேல இருக்கற ஆயிலெல்லாம் வடிஞ்சு அடித்தட்டுக்கு வந்துரும். குறைஞ்சிருந்தாலும் நிறைஞ்ச மாதிரிதான் காட்டும். இந்த வண்டிக்கு எஞ்சின் ஓடணும், சூடா இருக்கணும், கியர ஒரு சுத்து போட்டு எடுக்கணும்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருடமும் தன் பாட்டுக்காகத்தான் எஞ்சின் ஓடியது என்று நினைத்திருந்தார்.

சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள். வண்டியைத் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிவந்து, எஞ்சினை நிறுத்தாமலே மெக்கானிக் குச்சியை உருவினார். நுனி மட்டும் நனைந்திருந்தது.

"ஒன்றரை லிட்டராவது குறையுது. காய்ஞ்சு போய் ஓடியிருக்கு, பாவம்." குச்சியைத் துணியில் துடைத்து மகளிடம் நீட்டினார். "கருகின வாசனை வந்தா உங்க இரும்புக்காரர் கொண்டுபோகட்டும். மோந்து பாரும்மா."

அவள் முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். வாத்தியார் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயசான வாசனைதான். கருகல."

மெக்கானிக்கும் முகர்ந்துவிட்டுத் தலையாட்டினார்.

மதியம்வரை அவர் வண்டிக்கு அடியில் கிடந்தார். அடித்தட்டைக் கழற்றினார், ஃபில்டரை மாற்றினார், கசிந்த இடத்தில் புது கேஸ்கெட் போட்டார். அடித்தட்டில் வந்ததைக் கொட்டிவிட்டு, புதிதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

"மீதி பழசு உள்ளேயே இருக்கட்டும். இந்த வயசுல எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினா ஒத்துக்காது. வண்டிய சொல்றேன் சார், உங்கள இல்ல."

டி-யில் போட்டதும் வண்டி நகர்ந்தது. மகள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "இல்லங்க, குடுக்கல," என்பது வாசல்வரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அளவு பார்க்க அவளே வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். வாத்தியார் பானட்டைத் தூக்கினார். மகள் மறைந்துபோனாள்.

"ஆர்," என்றார். வண்டி லேசாக உடம்பை உதறியது. "என். இப்ப டி."

மகள் கியரைப் போடவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அப்பா, ஓரமா நில்லு! டி-ல போட்டா வண்டி உன் மேலதான் வரும். என் கால் ஒண்ணுதான் புடிச்சிருக்கு."

வாத்தியார் தான் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். பம்பருக்கும் முழங்காலுக்கும் இடையே ஒரு சாண் இல்லை. அப்போதெல்லாம் உள்ளே இருந்த அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டு இருந்தார். மனைவியின் குரல் என்றைக்கும் நேர் எதிரிலிருந்துதான் வந்தது.

"அப்பா?"

"போடு," என்றார். அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.