வருசம் முழுக்கத் தேர்

மருமகள் சயந்தினியின் அலுமாரியில் சிவனேஸ்வரி அந்தக் குளிசை அட்டையைக் கண்டது ஆடி மாதம்.

“கோயில் தேரண்டைக்குத் தீட்டு வராமல் தள்ளிப்போடுற மருந்து, மாமி.”

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் பாதித் தமிழ்ப் பெண்கள் செய்வதுதான். மருமகளின் பக்தியில் சிவனேஸ்வரிக்கு மனம் குளிர்ந்துகூடப் போனது.

தேர் முடிந்தது. ஐப்பசியும் பிறந்தது. அட்டை மட்டும் புதிது புதிதாக வந்துகொண்டேயிருந்தது. எந்தக் கோயிலப்பா இது, வருசம் முழுக்கத் தேர் இழுக்கிறது? பேரப்பிள்ளைக்குக் காத்திருந்தவள் அட்டைகளை எண்ணத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் மண்டபத்தில் ஒரு சொற்பொழிவு: கருத்தடை மாத்திரையின் வரலாறு. பேசுபவர் டொக்டர் ஞானரட்ணம். அவர் காது மூக்குத் தொண்டைக்காரர்தான். பொன்னாடை போர்த்தத் தோள் இருந்தால் போதாதா? மகன் யதுசனையும் மருமகளையும் இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் இருத்தி, மருமகளின் முகம் பார்க்க வாகாகத் தான் ஓரத்தில் இருந்தாள்.

அறிமுகவுரை அரைமணி ஓடியது. பிறகு டொக்டர் செருமினார்.

“அமெரிக்காவில் ஐம்பத்தேழாம் ஆண்டு இது கருத்தடைக்கென்று வரவில்லை, சபையோரே! மாதவிடாய்க் கோளாறுக்கென்றே அனுமதித்தார்கள். எடுத்தால் பிள்ளை தங்காது என்று எச்சரிக்கை வேறு. என்ன விந்தை! திடீரென்று லட்சக்கணக்கான பெண்களுக்கு அந்தக் கோளாறு வந்துவிட்டது!”

ஏன் வந்ததென்று டொக்டருக்கு இன்னும் விளங்கவில்லை போலும். சிவனேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. ஆனால் மண்டபத்தில் முதலில் சிரித்தவன் யதுசன். மருமகள்மேல் இருந்த கண் மகன்மேல் திரும்பியது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். “நீயும் கூட்டோடா?”

“வாங்கிக் குடுக்கிறதே நான்தானம்மா. அவள் படிச்சு முடிக்கட்டும்.”

“அப்ப தேர் எண்டது?”

“உள்ளதைச் சொன்னா ஊர் முழுக்கச் சொல்லுவியள், மாமி,” என்றாள் சயந்தினி.

சிவனேஸ்வரி திட்ட வாய் திறந்தாள். அதற்குள் டொக்டரின் மனைவி வந்துவிட்டாள்.

“என்னக்கா, மருமகளுக்கு விசேஷம் ஒண்டும் இல்லையோ?” கார் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்கும் குரல்.

சிவனேஸ்வரி மருமகளை முறைத்தாள். தன் வீட்டில் தன் சொல் எடுபடவில்லை என்று இந்த மனுசிக்கு முன்னாலா ஒப்புக்கொள்வது?

“பிள்ளைக்குச் சின்னக் கோளாறு. மாதாமாதம் ஒழுங்கில்லை. மருந்து எடுக்கிறாள்.”

டொக்டரின் மனைவி அனுதாபமாகத் தலையாட்டினாள். “எங்கடை மருமகளும் அதுக்குத்தான் எடுக்கிறாள், பாவம்.”