கணக்கில் சேராத தாள்

யுகாரி தன் குப்பைத் தாள்களை எண்ண ஆரம்பித்தது ஜூன் மாத அடைமழைக் காலத்தில்தான். தூரிகையால் எழுதிப் பார்த்துப் பிடிக்காமல் போன நீளத் தாள்களை அறை மூலையில் குவித்து வைப்பாள். வியாழக்கிழமை காலையில் பழைய காகிதம் எடுக்க வண்டி வருமுன் கட்டாகக் கட்டி விடுதி வாசலில் வைப்பாள். அந்த வாரம் திங்கள் மாலை முப்பத்தொன்று இருந்தது. செவ்வாய் மாலை புதிதாக எதுவும் எழுதாமலே இருபத்தேழாகி இருந்தது. தாளுக்குக் கால் முளைக்காது. அறையில் இருப்பதோ இரண்டே பேர்.

இன்னொருத்தி ஷிஹோ. மூன்று வருடமாக ஒரே அறை, ஒரே எழுத்துக்கலைக் குழு. ஷிஹோ உட்காருவாள், மை அரைப்பாள், மூன்று தாள் எழுதுவாள், தூரிகையைக் கழுவித் தொங்கவிடுவாள். அவ்வளவுதான். பிறகு நமத்துப்போன அரிசி முறுக்கைக் கடித்தபடி பாயில் மல்லாந்து கிடப்பாள். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் பள்ளியின் சார்பாக அகில ஜப்பான் கண்காட்சிக்குப் போனது அந்த மகாராணியின் தாள்தான். யுகாரியோ முழங்கால் காய்த்துப்போகும் அளவுக்கு மண்டியிட்டு எழுதியவள். இவளுக்குக் கிடைத்தது, "நல்லா உழைக்கிற பொண்ணு" என்ற பாராட்டு. அந்தப் பாராட்டைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை போகாவிட்டால் அடுத்த முறை என்று ஒன்று இல்லை. கண்காட்சியில் இடம் பிடித்தால்தான் கல்லூரியின் எழுத்துக்கலைப் பிரிவில் பரிந்துரைச் சேர்க்கை. இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி, அப்பா வேலை செய்யும் மீன்கூழ்த் தொழிற்சாலையில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அப்பாவே அதைச் சொல்லிவிட்டார், கோபமில்லாமல், சாதாரணமாக. அதுதான் அவளுக்கு அதிக பயம்.

எழுத வேண்டியது ஒவ்வொன்றும் ஒரு சொல்லாக நிற்கும் நான்கே எழுத்து. மழை விட்டு நீர் தெளிகிறது என்று பொருள். யுகாரி ஒவ்வொரு தாளுக்கும் பென்சிலால் எண் போட்டு எழுதினாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதில் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. கடைசித் தாள்தான் ஆகச் சிறந்த தாள், அதற்கு முந்தியவை எல்லாம் அதற்கான படிகள் என்பது அவள் கணக்கு. அந்தத் திங்கள் காலையில் சாப்பாட்டு மணி அடிக்குமுன் ஷிஹோ எட்டிப் பார்த்து, "இது நல்லாருக்குடி, இதோட நிறுத்திக்கயேன்" என்றாள். அது எண்கூடப் போடாத தாள். புதுத் தூரிகையைப் பழக்க அவசரமாகக் கிறுக்கியது. யுகாரி அதைக் குப்பையில் எறிந்துவிட்டுச் சாப்பிட ஓடினாள். மூன்று தாளோடு எழுந்துபோகிறவள் நூறு தாள் எழுதுகிறவளைக் கிண்டல் செய்கிறாள் என்றே எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஷிஹோ குளிக்கப் போயிருந்தபோது யுகாரி சுவர் அலமாரியைத் திறந்தாள். திறந்தது தப்புதான். மெத்தைகளுக்கு அடியில், செய்தித்தாளுக்கு நடுவே, தன்னுடைய குப்பைத் தாள்கள் அறுபதுக்கு மேல் கசங்கல் நீவி அடுக்கப்பட்டிருந்தன. மூன்று வருடத்துத் தாள்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் சின்னச் சின்ன வட்டங்கள். பிறவித் திறமை என்று ஊரே கொண்டாடுவது இதைத்தானா? என் தப்பை எல்லாம் பொறுக்கி, என் கோடுகளைத் திருடி, அதில் மூன்று தாள் எழுதி எழுந்து போகிறாளா? அலமாரியைச் சாத்தினாள். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

வியாழன் மாலை நூற்றுப் பன்னிரண்டாவது தாளை எழுதி முடித்து, தான் செதுக்கிய பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு ஒற்றினாள். வெள்ளி காலையில் தாளைச் சுருட்டி, செய்தித்தாள் சுற்றி, பெயர் எழுதி, குழு அறைத் தட்டில் வைத்தாள். மாலை நான்கு மணிவரை கெடு.

மதிய உணவின்போது ஷிஹோவின் சுட்டுவிரலைப் பார்த்தாள். நுனியில் சிவப்பு. முத்திரை மை எண்ணெய்ப் பசை உள்ளது, சோப்புக்கு லேசில் போகாது. ஷிஹோ தன் தாளுக்குச் செவ்வாயன்றே முத்திரை வைத்தாயிற்று. பிறகு எதற்குச் சிவப்பு? யுகாரி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு விடுதிக்கு ஓடினாள். தன் முத்திரைப் பையின் கயிறு வேறு முடிச்சாக இருந்தது. அலமாரியைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, பத்திரமாக, யுகாரியின் நூற்றுப் பன்னிரண்டாவது தாள்.

அதை எடுத்துக்கொண்டு குழு அறைக்கு ஓடித் தன் சுருளைப் பிரித்தாள். உள்ளே இருந்தது எண் இல்லாத அந்தத் திங்கட்கிழமைக் கிறுக்கல், யுகாரியின் முத்திரையோடு. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். யுகாரி அந்த எழுத்தைப் பார்க்கவே இல்லை, துரோகத்தை மட்டும்தான் பார்த்தாள். நான்காகக் கிழித்தாள். சாட்சி வேண்டுமே என்று துண்டுகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். நூற்றுப் பன்னிரண்டைச் சுருட்டி வைத்தபோது பழி தீர்த்த திருப்தி நெஞ்சு நிறைய இருந்தது.

நான்கு மணிக்கு, கண்காட்சிக்குப் போகும் ஒரே தாளைத் தேர்ந்தெடுக்க, குழுவின் குஸுமோட்டோ டீச்சர் எல்லாத் தாளையும் சுவரில் மாட்டினார். ஒவ்வொன்றாக நடந்து வந்தவர் யுகாரியுடையதன் முன்னால் நின்றார். தாமதித்தார்.

"இது எத்தனையாவது தாள்?"

"நூத்திப் பன்னிரண்டு டீச்சர்."

"தெரியுது. நீ நல்லா உழைக்கிற பொண்ணு. ஆனா இதுல உன் கை தூங்கிடுச்சும்மா. தப்பு வந்துடக் கூடாதுங்கிற பயம் மட்டும்தான் முழிச்சிருக்கு."

ஷிஹோவின் தாளில் சிவப்பு ரிப்பனைக் குத்திவிட்டு வெளியே போனார். மற்றவர்களும் கலைந்தார்கள். ஷிஹோ நகரவில்லை. ரிப்பனை ஒருமுறைகூடப் பார்க்காமல் யுகாரியின் தாளையே வெறித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அது எங்க?" என்றாள்.

யுகாரி துண்டுகளை எடுத்து மேசையில் போட்டாள். "திருடி. என் முத்திரையவே எடுத்து வெச்சிருக்க. குப்பைய அனுப்பி என்னைக் கவுக்கப் பாத்த இல்ல?"

ஷிஹோ துண்டுகளைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அவள் அழுது யுகாரி பார்த்ததில்லை. அழுகையினூடே சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவுதான்: அவள் கைக்கு மூன்று தாளுக்கு மேல் ஓடாது. நாலாவது தாள் செத்துவிடும். எங்கே நிறுத்துவது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அதையும் பிறக்கும்போது கொண்டுவரவில்லை. யுகாரி எறிந்த தாள்களை மூன்று வருடம் பரப்பி வைத்து, எந்தத் தாளில் எந்த இடத்தில் உயிர் போகிறது என்று வட்டம் போட்டுப் போட்டுக் கற்றது.

"வாயால சொன்னேன், நீ கேக்கலை. மாத்தி வெச்சது தப்புதான். முத்திரையத் தொட்டது அதைவிடத் தப்பு. ஆனா இது மட்டும் சுவத்துல தொங்கியிருந்தா, டீச்சர் என்னோடதத் திரும்பியே பாத்திருக்க மாட்டாங்கடி."

யுகாரி நம்பவில்லை. தோற்றவளைத் தேற்ற யாரும் சொல்கிற பேச்சு. இருந்தாலும் நான்கு துண்டுகளையும் மேசையில் சேர்த்து வைத்தாள். வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது.

கோடுகள் எங்கும் தயங்கவில்லை. 'நீர்' என்ற எழுத்து கிழிசலைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி எழுத்தில் மை தீர்ந்து தூரிகை உலர்ந்த இடத்தில், அடியில் மணல் தெரிகிற ஓடைபோல வெண்மை தெரிந்தது. மூன்று வருடமாக எதற்கு மண்டியிட்டாளோ அது. உடனே பழைய சந்தேகம் முந்திக்கொண்டது.

"பொய் சொல்ற. இது நான் எழுதினதில்ல. நீதான் என்னை மாதிரி எழுதியிருக்க."

ஷிஹோ கீழ்த் துண்டின் ஓரத்தைச் சுட்டிக்காட்டினாள். ஈர மையில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. திங்கள் காலை மணிச் சத்தம் கேட்டு அவசரமாகத் தாளைத் தூக்கிய விரல். அதன் குறுக்கே ஒரு வடு. சிறு வயதில் யுகாரிக்குத் தொழிற்சாலையில் அப்பாவின் மீன்கத்தி பட்ட வடு.

யுகாரி தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். பொருந்தியது. எடுத்துத் துடைத்துவிட்டு இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள்.