நான்காம் தந்தையின் பெயர்

பனி உருகி இறங்கிய நீரெல்லாம் காரசூ ஆறாய்ப் பெருகி மேட்டுப் புல்வெளிகளை வளைத்தோடும் நடுக்கோடையில், கதிரவன் மேலைமலைக்குப் பின்னே சாய, பால் கறக்கப் பெட்டைக் குதிரைகளைப் பிணைக்கும் பெண்களின் கூப்பீடும், தாயைத் தேடிக் கனைக்கும் குட்டிகளின் குரலும், எருமூட்டத்தின் புகையும் ஒன்றாய்க் கலந்தெழும் அந்த நல்ல வேளையில், கற்றறிந்த அன்பரே, ஓமூர்பேக்கின் வெண்கம்பளக் கூடாரத்துள் ஓர் இளைஞன் வியர்த்துக்கொண்டிருந்தான். குபாத் என்பது அவன் பெயர். ஓமூர்பேக்கின் மகள் பெர்மெத்தை மணக்க விரும்பி, அவள் காதில் தோடு போட்டு உறுதி செய்யத் தன் தாயுடன் வந்திருந்தான். தாயின் மடியில், சிறு துணி முடிச்சில், அந்த வெள்ளித் தோடுகள் காத்திருந்தன.

விரிப்பில் ஆட்டிறைச்சியும் பொரித்த மாவுத் துண்டுகளும் நிறைந்திருக்க, ஓமூர்பேக் தம் குடும்பத்தின் பழங்கதையை வழக்கம்போல் தொடங்கிவிட்டார். அவருடைய பாட்டனின் தந்தை வளர்த்த சாம்பல்நிறப் பெட்டைக் குதிரையை, மந்தையோடு மலையேறும் நாளுக்கு முந்திய இரவில் எவனோ ஒரு கள்வன் ஓட்டிச் சென்றான். அதனால் அந்த வீட்டுப் பெண் கைக்குழந்தையைச் சுமந்து பனிக்கணவாயை நடந்தே கடந்து, கால்விரல்கள் கருகி, வாழ்நாளெல்லாம் நொண்டி நடந்தாள். விருந்துதோறும் இக்கதை சொல்லப்படும். விருந்துதோறும் அந்தப் பெயரறியாக் கள்வன் வாயார ஏசப்படுவான். குபாத்தும் தலையாட்டிக் கேட்டான். மற்றவற்றைப் போலவே அதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"மாப்பிள்ளை, கறி ஆறுது. உங்க ஏழு அப்பன்மாரையும் சொல்லிட்டீங்கன்னா நாங்க கை வைப்போம்" என்றாள் பெர்மெத்தின் அண்ணி சால்த்தனாத். ஏழு தலைமுறைக்குள் ஒரு தந்தை பொதுவாய் இருந்தாலும் இருவரும் உடன்பிறந்தார்க்கு ஒப்பாவர், மணம் கூடாது; ஆகவே ஏழு பெயரும் சொல்லாதவனுக்கு அந்த மலையில் எவரும் பெண் கொடுப்பதில்லை. குபாத்துக்கோ மூன்றுதான் தெரியும். அவன் தந்தை மூன்றோடு நிறுத்திவிட்டு இறந்துபோனார். அதற்குமேல் அறியவேண்டும் என்று வண்டிப் பொறிகளைப் பிரித்துப் பூட்டுவதிலேயே இன்பங்கண்ட அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. செத்தவர்களால் எந்த வண்டி ஓடப்போகிறது என்பது அவன் எண்ணம்!

"சாபிர். அவங்க அப்பா மாமாத். அவங்க அப்பா சுமாசு" என்றவன் மூச்சிழுத்து, முந்திய இரவு தானே புனைந்துவைத்ததைத் துணிந்து சொன்னான். "நாலாவது கல்மாத். அஞ்சாவது தோலோபாய்..."

ஓமூர்பேக் நிமிர்ந்து பார்த்தார். தோலோபாய் என்பது குபாத் வழியோரக் கல்லறை மாடத்தில் கண்ட பெயர். கம்பீரமாய் இருக்கிறதே என்று எடுத்துச் செருகிக்கொண்டான். அது பெர்மெத்தின் ஐந்தாம் தந்தையின் கல்லறை. அவளே அதை ஒருமுறை அவனுக்குக் காட்டி விளக்கியிருக்கிறாள். அப்போது அந்தப் புத்திசாலி அவள் கண்ணிமையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அட, அப்ப நீ எங்க ரத்தம்! எம் பொண்ணுக்கு அண்ணன்" என்றார் ஓமூர்பேக், முகத்தில் சிரிப்பின்றி.

"தோடு போட வந்தவரு தங்கச்சிக்குச் சீர் செஞ்சுட்டுப் போகட்டும்" என்றாள் சால்த்தனாத்.

"இல்ல மாமா! எனக்கு மூணுதான் தெரியும். மிச்சம் நானா சொன்னது. தோலோபாய் கல்லறையில பார்த்த பேரு" என்று குபாத் உடைந்தான்.

"செத்தவங்க விஷயத்துலயே புளுகுறவன், உயிரோட இருக்கற எம் பொண்ணுகிட்ட எதைத்தான் புளுகமாட்டே? மந்தை கீழ இறங்குறதுக்குள்ள உண்மையான ஏழு பேரோட வா. இல்லன்னா வராதே."

தாய் முடிச்சை மார்புக்குள் செருகிக்கொண்டு எழுந்தாள். வெளியே பெர்மெத் அவனுடைய குதிரையின் கடிவாளத்தைப் பற்றி நின்றாள். அழுதிருந்தாள்; ஆனாலும் சினந்தான் முந்தியது.

"நாளைக்கு நம்ம பிள்ளை வந்து கேட்டா என்ன சொல்லுவே? மூணோட வண்டி நின்னுபோச்சுன்னா? எனக்கு நீ மட்டும் போதாது குபாத். உன் ஏழு பேரும் வேணும். போய்த் தேடு."

தேடினான் பாவம். உறவினர் கூடாரம் ஒவ்வொன்றாய் ஏறி இறங்கினான். எல்லாரும் உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். மூன்றாம் பெயர் வந்ததும் பேச்சை மழைக்கும் மந்தைக்கும் திருப்பினார்கள். கடைசியில் தந்தையின் தமக்கை ஊல்கானின் கையைப் பிடித்துக்கொண்டு, எழுந்து போகவிடாமல் உட்கார்ந்துவிட்டான்.

"உங்கப்பன் ஏன் மூணோட நிறுத்தினான்னு நெனைக்கிறே? நாலாவது ஆளு சமான்குல். குதிரைத் திருடன்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அந்தச் சாம்பல் குதிரையை ஓட்டினதே அவருதான். நாங்க யாரும் அந்தப் பேரை வாயில எடுக்கறதில்ல."

ஐந்தும் ஆறும் ஏழும் நல்லவர்களே, அவர்களுள் எவரும் பெர்மெத்தின் வழியினர் அல்லர் என்று அத்தை சொன்னது குபாத்தின் செவியில் விழவே நேரமாயிற்று.

"கேளுடா. சமான்குலுக்கு ஒரு தம்பி உண்டு, யோக்கியன். அவன் பேரைச் சொல்லு. எவனுக்குத் தெரியப்போவுது? கைக்குழந்தைக்காரி பனியில நடந்து நொண்டியா போன கதையை வருஷம் தவறாமச் சொல்லுற வீடு அது. உண்மையைச் சொன்னா உனக்குப் பொண்ணு கெடைக்காது."

அவள் சொன்னது சரியென்றே அவனுக்கும் பட்டது. ஒரே ஒரு பெயரை மாற்றினால் பெர்மெத் அவனுக்கு. மூன்று நாள் அவன் எந்த வண்டிப் பொறியையும் தொடவில்லை. பனியில் நடந்த அந்தப் பெண்ணை, அதுவரை வெறும் விருந்துப் பேச்சாய் இருந்தவளை, அவன் முதன்முறையாக நினைத்துப் பார்த்தான். அவளுக்கும் பெர்மெத்தின் வயதுதானே இருந்திருக்கும் என்று தோன்றியபோது அவனுக்கு அழுகை வந்தது.

மந்தைகள் இறங்கத் தொடங்கிய காலையில், தாயையும் உடன் அழைத்து, தனக்கென்று இருந்த ஒரே இளங்குதிரையைக் கயிற்றில் நடத்திக்கொண்டு அவன் மீண்டும் அந்தக் கூடாரத்துக்கு வந்தான். அமரவில்லை. வாயிலிலேயே நின்று மூன்று பெயர்களையும் சொல்லி, பெர்மெத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"நாலாவது சமான்குல். உங்க சாம்பல் குதிரையைத் திருடினவரு. நான் அவரோட பிள்ளைதான் மாமா. வெளியில ஒரு குட்டி நிக்குது. அதுவும் சாம்பல்தான்."

பெர்மெத் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓமூர்பேக் எழுந்து, அவனைத் தள்ளாத குறையாய்க் கடந்து வெளியே போய், குட்டியின் வாயைத் திறந்து பல் பார்த்தார், காலைத் தடவினார், அதன் கழுத்தில் கைவைத்தபடி நெடுநேரம் நின்றார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"அவளை நடக்கவிட்ட பாவி இன்னாருன்னு தெரியாமலே எங்கப்பன் செத்தாரு, எங்க தாத்தன் செத்தாரு. திட்டுறதுக்கு ஒரு பேருகூட இல்லாமத் தவிச்சோமேடா!"

"இனிமே பேர் சொல்லியே திட்டலாம் மாமா. சம்பந்தியாச்சே!" என்றாள் சால்த்தனாத், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஓமூர்பேக் சிரித்தாரா, அழுதாரா என்று குபாத்துக்கு விளங்கவில்லை. அவன் தலை கவிழ்ந்து புறப்படத் திரும்பினான்.

"எங்க போறே? இன்னும் மூணு பேரு பாக்கி இருக்குல்ல. முழுசாச் சொல்லு" என்றார் அவர்.

எசெனாமான், போதோபாய், சாரிபாய் என்று அவன் சொல்லி முடிக்க, அவற்றுள் ஒன்றும் அவ்வீட்டுப் பெயராய் இல்லாதிருக்க, தாய் மார்பிலிருந்து முடிச்சை எடுத்தாள். தோடு பெர்மெத்தின் காதேறியது.

காரசூ இன்றும் ஓடுகிறது. ஓமூர்பேக்தான் இன்று இல்லை. குபாத்தின் சிறுமகள் விருந்துகளில் எழுந்து நின்று தன் ஏழு தந்தையரையும் சொல்லும்போது, தன் முறையில் ஐந்தாவதாய் வரும் சமான்குலின் பெயரை மட்டும் கூரை அதிரச் சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள், அவள் தந்தை மட்டும் அவளை அள்ளி மடியில் வைத்துக்கொள்வான். இளையோரே, மறைந்தவர் நம்மிடம் வேண்டுவது புகழன்று; நல்லவரும் தீயவருமாய், ஒருவரும் விடுபடாமல், அவர்தம் பெயரை நாம் சொல்லக் கேட்பதே.